பாட்டின் இரண்டாம் பாதி: பாப்பா வெம்பா வழியாகக் காங்கோ ரும்பா

காங்கோ நாட்டுப் பாட்டு ஒன்றை முதல்முறையாகக் கேட்கப் போகிறீர்களா? ஒரே ஒரு வேண்டுகோள்தான்: பாதியில் நிறுத்திவிடாதீர்கள். ஆரம்பம் நிதானமாகத்தான் இருக்கும். கிட்டார்கள் மெல்ல வாசித்துக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்து, விட்டுப்போன காதலியிடம் முறையிட்டுக்கொண்டிருக்கும். கேட்க இதமாக இருக்கிறது, ஆனால் இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். சில நிமிடங்கள் போனதும் பாடகர்கள் வரிகளை விட்டுவிடுவார்கள். டிரம்ஸின் நடை மாறும். அதுவரை அடக்கமாக இருந்த கிட்டார் முன்னால் வந்து, சின்னஞ்சிறு துணுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். ஒருவர் மைக்கில் ஏதோ கத்துவார். அதற்கப்புறம் உட்கார்ந்திருப்பது கஷ்டம்.

இந்த இரண்டாம் பாதிக்குச் செபென் என்று பெயர். காங்கோ இசையைப் புரிந்துகொள்ள எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் நான் இந்தச் செபெனைத்தான் காட்டுவேன். ஒரு பாடகரின் பெயர், அவர் குழு, அந்தக் குழுவின் ஆட்டம், அந்த ஆட்டத்துக்கு மக்கள் உடுத்திக்கொண்டு வருவது என எல்லாமே இந்த இடத்தில்தான் ஒன்றுசேரும். வெறும் விளக்கமாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால், ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டு போவோம். அவர் பாப்பா வெம்பா. 1949-இல் பிறந்து, 2016-இல் மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே சரிந்து இறந்தவர்.

ஆற்றின் இரு கரையும் கியூபா தட்டுகளும்

முதலில் கொஞ்சம் பின்கதை. காங்கோ ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிரே இரண்டு தலைநகரங்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் கின்ஷாசா, மறுபக்கம் பிராஸவில். முதலாவது பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்தது. அப்போது அதன் பெயர் லியோபோல்ட்வில். இரண்டாவது பிரான்சின் ஆட்சியில் இருந்தது. இரண்டு ஊரிலும் லிங்காலா மொழி புழங்கும். ஆற்று வணிகத்திலும் காலனியப் பட்டாளத்திலும் பரவிய மொழி அது. காங்கோ பாட்டில் பெரும்பகுதி இந்த லிங்காலாவில்தான்.

1930-களில் ஹெச்எம்வி கம்பெனி ஜிவி என்ற வரிசையில் கியூபா இசைத்தட்டுகளை ஆப்பிரிக்காவில் விற்கத் தொடங்கியது. லியோபோல்ட்வில் மக்கள் அந்தத் தட்டுகளை விரும்பி வாங்கினார்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கியூபாவின் தாளங்களில் கணிசமான பங்கு, அடிமைக் கப்பல்களில் காங்கோப் பகுதியிலிருந்து கொண்டுபோகப்பட்ட மக்களுடையது. கடல் கடந்து போன தாளம் சில நூற்றாண்டுகள் கழித்துத் தட்டில் பதிவாகித் திரும்பி வந்தது. கேட்டவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. கியூபாக்காரர்கள் பியானோவிலும் ட்ரெஸ் என்ற கம்பி வாத்தியத்திலும் வாசித்ததை இவர்கள் கிட்டாருக்கு மாற்றிக்கொண்டார்கள். ரும்பா என்ற பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

1940-களின் கடைசியிலிருந்து அந்த ஊரில் கடை வைத்திருந்த கிரேக்க வணிகர்கள் பதிவுக்கூடங்கள் திறந்தார்கள். என்கோமா, லோனிங்கிசா ஆகியவை அவற்றில் பெயர்பெற்றவை. 1948-இல் என்கோமாவுக்காக வெண்டோ கொலொசோய் பாடிய மரி லூயிஸ் என்ற பாட்டு ஊரையே கலக்கியது. அந்தப் பாட்டை நள்ளிரவில் போட்டால் செத்தவர் எழுந்து வருவார் என்று ஒரு பேச்சு பரவி, பாதிரிமார்கள் கோபப்பட்டார்கள். அதில் கிட்டார் வாசித்த ஆன்ரி போவானேதான் செபெனுக்கு வடிவம் கொடுத்தவர் என்று காங்கோவில் பலரும் சொல்வார்கள்.

அப்புறம் பெரிய குழுக்களின் காலம் வந்தது. 1953-இல் ஜோசப் கபாசேலே ஆப்ரிக்கன் ஜாஸ் குழுவைத் தொடங்கினார். 1956-இல் ஓகே ஜாஸ் பிறந்தது, கிட்டார்காரர் ஃபிராங்கோ அதன் உயிராக இருந்தார். பெயரில்தான் ஜாஸ், வாசித்தது ரும்பா. 1960 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸில் விடுதலைப் பேச்சுவார்த்தை நடந்தபோது கபாசேலேயின் குழுவும் அங்கே போனது. அங்கே உருவான இந்தெபெந்தான்ஸ் ச்சா ச்சா என்ற பாட்டு, தலைவர்கள் பெயரையும் கட்சிகள் பெயரையும் அடுக்கிச் சொல்லி விடுதலையைக் கொண்டாடியது. வானொலி வழியாக அது காங்கோவைத் தாண்டிப் பல நாடுகளில் ஒலித்தது.

செபெனுக்குள்ளே என்ன நடக்கிறது

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பலர் இதை வெறும் துள்ளலிசை என்று தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஒரு காங்கோ குழுவில் வழக்கமாக மூன்று கிட்டார்கள், ஒரு பேஸ் கிட்டார். ரிதம் கிட்டார் கீழே நின்று சுரக்கட்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரங்களை (கார்டு), ஒரே சுழற்சியில் வாசிக்கும். பெரும்பாலும் மூன்றே சுரக்கட்டுகள்தான். சோலோ கிட்டார் உச்ச சுரங்களுக்கு ஏறி மணி மணியாக வாசிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே மி-சோலோ என்று இன்னொன்று இருக்கிறது. காங்கோ இசையின் தனி அடையாளமே இதுதான். சடையின் நடுப்புரி மாதிரி, மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் பிடித்துக் கட்டுவது இந்தக் கிட்டார். தனியாக எடுத்துக் கேட்டால் எளிமையான ஒரு சுழற்சிதான். அதை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் உதிர்ந்துவிடும்.

செபென் தொடங்கியதும் சோலோக்காரர் நீளமான வாசிப்பு எதுவும் காட்டுவதில்லை. ஒரு சிறு துணுக்கை எடுத்து, ஆடுகிறவர்களின் கால் அதில் பழகும்வரை விடாமல் வாசிப்பார். கால் பழகியதும் துணுக்கை மாற்றுவார். மாற்றப்போகிறார் என்பதை டிரம்ஸ் முன்கூட்டியே சொல்லிவிடும். ஆட்டத்தின் அடியும் அந்த இடத்தில் மாறும். கிட்டார் வாசிப்பதில் எத்தனையோ வகைத் திறமை உண்டு. நூறு பேரை ஒரே நொடியில் இடப்பக்கம் திரும்ப வைக்கும் திறமையை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதில் இன்னொருவரும் உண்டு. அவர் அட்டலக்கு. பாடகர் இல்லை, கத்துகிறவர். ஆட்டத்தின் பெயரைச் சொல்லுவார், எந்த அடி என்று கட்டளையிடுவார், கூட்டத்தைச் சூடேற்றுவார். 1980-களின் தொடக்கத்தில் தெருக்கூத்துக்காரர்களாக இருந்தவர்களை ஸாயிக்கோ லங்கா லங்கா என்ற குழு மேடைக்கு அழைத்துவந்தது. அதன்பின் அட்டலக்கு இல்லாத குழுவே இல்லை. அவர் கையில் குலுக்குகிற மராக்காஸ் கடையில் வாங்கியது இல்லை. காலியான பூச்சிமருந்து டப்பாவில் துளை போட்டு, உள்ளே விதையையோ கல்லையோ போட்டுச் செய்தது. அந்தத் தகரச் சத்தம் இல்லாமல் செபென் கேட்டால் கின்ஷாசாக்காரர்களுக்கு ஏதோ குறைந்ததாகத் தோன்றும்.

காசு புழங்குவதும் இந்தப் பாதியில்தான். நடுப்பாட்டில் அட்டலக்குவோ பாடகரோ ஊர்ப் பெரியவர்கள், வணிகர்கள், வெளிநாட்டில் இருக்கிற உறவுக்காரர்கள் பெயர்களை அழைப்பார்கள். இதற்கு மபாங்கா என்று பெயர். பெயர் சொல்ல வைக்கக் காசு கொடுக்க வேண்டும். நேரடிக் கச்சேரி என்றால் ரசிகர்களே மேடையேறி, வியர்த்த நெற்றியில் நோட்டை ஒட்டிவிட்டுப் போவார்கள். திருட்டு கேசட்டுகள் பெருகித் தட்டு விற்பனை படுத்துவிட்ட நாட்டில் இசைக்கலைஞர்கள் பிழைத்ததற்கு இந்தப் பெயரழைப்பு ஒரு முக்கியமான காரணம்.

அம்மாவின் ஒப்பாரியிலிருந்து

இப்போது பாப்பா வெம்பாவிடம் வருவோம். இயற்பெயர் ஜூல் ஷுங்கு வெம்பாடியோ. பிறந்தது 1949 ஜூன் 14, நாட்டின் நடுப்பகுதியில் உள்ள கசாய் வட்டாரத்தில் லுபெஃபு என்ற ஊரில். டெட்டெலா இனத்தவர். அப்பா பட்டாளத்தில் இருந்தவர். அம்மாவின் தொழில் சாவு வீடுகளில் ஒப்பாரி பாடுவது. சின்னப் பையனாக அம்மாவோடு அந்த வீடுகளுக்குப் போய்ப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர் வெம்பா. தன் முதல் ஆசிரியர் அம்மாதான் என்று அவர் பின்னாளில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். குடும்பம் தலைநகருக்கு வந்தபிறகு தேவாலயப் பாடகர் குழுவில் பாடினார்.

அவர் குரலைக் கேட்டால் இரண்டும் தெரியும். உச்சத்தில் மெலிந்து, கொஞ்சம் கீறலோடு, அழுகைக்கும் அழைப்புக்கும் நடுவில் ஓடும் குரல். நல்ல தாளத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போதும் அதில் ஒரு துக்கம் கேட்கும். ரும்பா பாடகர்களில் குரல் இனிமைக்குத் தபு லே ரோஷரோவைச் சொல்பவர்கள் உண்டு, அது நியாயம்தான். இருந்தாலும் ஒரு வரியைக் கேட்டதும் நெஞ்சைப் பிடிக்கும் குரல் எது என்றால் நான் வெம்பாவைத்தான் சொல்வேன்.

1969 டிசம்பரில் கின்ஷாசாவில் இளைஞர்கள் சிலர் ஸாயிக்கோ லங்கா லங்கா குழுவைத் தொடங்கினார்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் படித்துக்கொண்டிருந்த பையன்கள். வெம்பா தொடக்கத்திலேயே அதில் இருந்தார். பவுலின் என்ற பாட்டு அவர் பெயரை ஊருக்குச் சொன்னது. அதுவரை பெரிய குழு என்றால் சாக்ஸபோனும் ட்ரம்பெட்டும் வரிசையாக நிற்க வேண்டும். ஸாயிக்கோ அவற்றை அடியோடு நீக்கியது. ஊதுகுழல்கள் போன இடத்தில் கிட்டார்களும் டிரம்ஸும் வந்து உட்கார்ந்தன. டிரம்ஸ் வாசித்த மெரிஜோ பெலோபி, கவாச்சா என்ற புது நடையை நிலைநிறுத்தினார். ரயில் ஓடுகிற சத்தத்திலிருந்து பிறந்த நடை அது என்று சொல்வார்கள். கேட்டுப் பார்த்தால் உண்மை என்றே தோன்றும். செபென் நீண்டது, வேகம் கூடியது, முன்வரிசையில் நான்கைந்து பாடகர்கள் நின்று பாடிக்கொண்டே ஆடும் வழக்கம் வேரூன்றியது. அவர்களுக்கு முந்தைய தலைமுறை உட்கார்ந்து கேட்கும்படியும் வாசித்தது. ஸாயிக்கோ ஆடுவதற்காக வாசித்தது.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். காங்கோவில் ஒரு பாடகர் வளர்கிறார் என்றால் குழு உடைகிறது என்று அர்த்தம். முன்வரிசையில் ஐந்து பாடகர்கள் நின்றால் ஐந்து பேருக்கும் ரசிகர்கள் சேர்வார்கள். யாருடைய பாட்டு பதிவாகிறது, யார் பெயர் முன்னால் வருகிறது, வாத்தியங்கள் யாருக்குச் சொந்தம் என்று உரசல் தொடங்கும். வாத்தியங்களின் சொந்தக்காரரே அங்கு குழுவின் முதலாளி. கிட்டார், ஒலிபெருக்கி எல்லாம் இறக்குமதி, விலை அதிகம் என்பதால் அது பெரிய அதிகாரம்.

1974 கடைசியில் வெம்பா, எவொலோக்கோ, மவுவேலா, போசி போசியானா ஆகியோர் ஸாயிக்கோவை விட்டு விலகி இசிஃபி லோக்கோலே குழுவைத் தொடங்கினார்கள். லோக்கோலே என்பது மரத்தைக் குடைந்து செய்கிற கொட்டு, கிராமங்களில் செய்தி அனுப்பப் பயன்பட்டது. மின்கிட்டார்களுக்கு நடுவே அந்தக் கொட்டையும் மேடைக்குக் கொண்டுவந்தவர் வெம்பா. 1975-இல் வந்த அமேசோன் என்ற பாட்டு பெரிய வெற்றி. ஆனால் குழு ஒரு வருடம்தான் தாங்கியது. அதை விட்டு யோக்கா லோக்கோலே என்று இன்னொன்று. அதிலும் நிலைக்கவில்லை. 1977 தொடக்கத்தில், குழுவைத் தன் பிடியிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்து விவா லா மூசிக்காவைத் தொடங்கினார். சாகும்வரை அவரோடு இருந்தது அந்தப் பெயர்தான்.

மொலோக்காய் கிராமம்

கின்ஷாசாவில் மட்டோங்கே என்றால் இசைக்காரர்கள் பேட்டை. அங்கே ஐந்து தெருக்கள் சூழ்ந்த பகுதியில் இருந்த குடும்ப வீட்டு முற்றத்தில் விவா லா மூசிக்கா ஒத்திகை பார்த்தது. மசிமனிம்பா, ஒஷ்வே, லொக்கொலாமா, கண்டா-கண்டா, இன்சியா என்ற அந்த ஐந்து தெருக்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து மொலோக்காய் கிராமம் என்று பெயர் வைத்தார். தன்னை அதன் ஊர்த்தலைவர் என்று அறிவித்துக்கொண்டார். தலைநகரின் நடுவில் ஒரு கிராமம், அதற்கு ஒரு தலைவர், அவருக்கென்று குடிமக்கள். பேட்டைப் பையன்கள் அங்கேயே கிடந்தார்கள். என்ன பேச்சு, என்ன நடை, என்ன முடிவெட்டு, கால்சட்டை எந்த நீளம் என்று எல்லாவற்றையும் அந்த முற்றம் தீர்மானித்தது. குழுவின் முதல் வருடங்களில் மொக்கொன்யொன் என்ற ஆட்டம் அங்கிருந்து கிளம்பி நாடு முழுக்கப் போனது.

குழுவுக்கு ஓர் ஆட்டம் என்பது அங்கே வெறும் அலங்காரம் இல்லை. புது ஆட்டத்தோடு வருகிற குழுவுக்குத்தான் அந்தப் பருவம் சொந்தம். 1980-களில் க்வாஸா க்வாஸா, 1990-களில் ந்தொம்போலோ என்று ஒவ்வொரு காலத்துக்கும் ஓர் ஆட்டம் பெயரெடுத்து நின்றது. ந்தொம்போலோ காங்கோவைத் தாண்டிப் பல நாடுகளுக்குப் போனது. சில அரசுகள் ஆபாசம் என்று அதைத் தொலைக்காட்சியில் தடுக்கக்கூடப் பார்த்தன.

துணிமணியும் இதே கதைதான். நாட்டின் அதிபர் மொபுட்டு, 1971-இல் நாட்டின் பெயரை ஸாயிர் என்று மாற்றினார். ஐரோப்பியப் பெயர்களை விட்டுவிட வேண்டும், கோட்டும் டையும் கூடாது என்று உத்தரவுகள் வந்தன. ஜூல் என்ற பெயர் போனது அப்படித்தான். ஆண்கள் அபகோஸ்ட் என்ற கழுத்து மூடிய சட்டை போட வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் வெம்பாவும் அவர் கூட்டமும் பாரிஸ், மிலான், டோக்கியோ வடிவமைப்பாளர்களின் உடுப்பில் மேடையேறினார்கள். நன்றாக உடுத்துவதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்த சாப் என்ற இயக்கத்தின் முகமாக அவர் ஆனார். இயக்கத்தின் வேர் ஆற்றின் மறுகரையில், பிராஸவில்லில் இருந்தது. அதைக் கின்ஷாசா முழுக்கப் பரப்பிய குரல் வெம்பாவுடையது. யோஜி யமமோட்டோ தைத்த அகலக் கால்சட்டை, வெஸ்டன் காலணி. செபென் நேரத்தில் ஆடிக்கொண்டே கோட்டின் உள்பக்கப் பட்டையை விரித்துத் தயாரித்தவரின் பெயரைக் காட்டுவதும் ஆட்டத்தின் ஓர் அடியாகவே மாறியது.

இதை வீண் பகட்டு என்று விமர்சிப்பவர்கள் காங்கோவிலேயே உண்டு. சாப்பாட்டுக்கு இல்லாத வீட்டுப் பையன் வருடச் சம்பளத்தைக் காலணிக்குக் கொடுத்த கதைகள் நிஜம்தான். ஆனாலும் எதை உடுத்த வேண்டும் என்று அரசே சொல்லும் நாட்டில், தனக்குப் பிடித்ததை உடுத்திக்கொண்டு நடுத்தெருவில் நடப்பதில் ஒரு துணிச்சல் இருக்கிறது. நான் அந்தத் துணிச்சலின் பக்கம்தான்.

விவா லா மூசிக்கா பாடகர்களை உருவாக்கும் பட்டறையாகவும் இருந்தது. கிங் கெஸ்டர் எமெனேயா அங்கே பாடி வளர்ந்து, 1982-இல் விலகித் தன் குழுவைத் தொடங்கினார். கொஃபி ஒலொமிடே தொடக்க காலத்தில் அங்கே பாட்டு எழுதிக்கொடுத்தவர். பின்னாளில் அவரே கண்டம் அறிந்த நட்சத்திரம் ஆனார். ரிகோ ஸ்டார், போங்கோ வெண்டே போன்ற கிட்டார்காரர்களும் அந்த முற்றத்தில் வாசித்தவர்கள்தான். வெம்பா எந்த வழியில் ஸாயிக்கோவை விட்டு வந்தாரோ, அதே வழியில் அவர் பிள்ளைகள் அவரை விட்டுப் போனார்கள். 1996-இல் வெம்பாவும் கொஃபியும் சேர்ந்து ஓர் ஆல்பம் வெளியிட்டபோது பழைய ரசிகர்களுக்கு அது திருவிழா.

இரண்டு ஊர், இரண்டு வகைப் பாட்டு

1980-களில் காங்கோவின் பொருளாதாரம் படுத்துவிட, பதிவுக்கூடங்களும் பணமும் பாரிஸில் இருந்தன. கலைஞர்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள். பாரிஸில் சூகூஸ் என்ற பெயரில் இந்த இசை விற்றது. அங்கே ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. காண்டா போங்கோ மேன் என்ற பாடகர், மெதுவான முதல் பாதியைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, தொடக்கத்திலிருந்தே செபெனை வைத்தார். டிப்லோ டிபாலாவின் மின்னல் கிட்டார் அதற்குக் கைகொடுத்தது. ஐரோப்பிய ஆட்டக்கூடங்களுக்கு அது பொருத்தமாக இருந்தது. எனக்கும் அந்தப் பதிவுகள் பிடிக்கும். இருந்தாலும் காத்திருந்து கிடைக்கும் செபெனுக்கு உள்ள சுகம் இதில் இல்லை.

வெம்பா வேறு பாதையில் போனார். 1987-இல் வெளியான லா வி எ பெல் என்ற படத்தில் கதாநாயகனாக நடித்தார். கிராமத்திலிருந்து கின்ஷாசாவுக்கு வந்து பாடகனாகத் துடிக்கும் ஒருவனின் கதை. காங்கோவுக்கு வெளியே பலர் அவரை முதலில் பார்த்தது அதில்தான். அடுத்து இங்கிலாந்துப் பாடகர் பீட்டர் கேப்ரியல் நடத்திய ரியல் வேர்ல்ட் என்ற இசைத்தட்டுக் கம்பெனி வழியாக 1992-இல் லெ வொயாஜர், 1995-இல் எமோஷன், 1998-இல் மொலோக்காய் என்று மூன்று ஆல்பங்கள் வந்தன. 1993-இல் கேப்ரியலின் உலகச் சுற்றுப்பயணத்தில் அவரும் போனார். எமோஷனில் பாட்டுகள் சிறியவை, சீவி ஒழுங்கு செய்தவை. ஓடிஸ் ரெடிங் பாடிய அமெரிக்க சோல் பாட்டு ஒன்றைக்கூட அதில் பாடியிருக்கிறார். இளமையிலிருந்தே ரெடிங்கின் குரலை நேசித்தவர் அவர். குரலின் அழகு அந்த ஆல்பத்தில் தெளிவாகக் கேட்கும். நீண்ட செபென் மட்டும் இருக்காது.

அதே நேரத்தில் கின்ஷாசா ரசிகர்களுக்காக விவா லா மூசிக்காவோடு நீண்ட செபெனும் மபாங்காவும் நிறைந்த பதிவுகளையும் வெளியிட்டுக்கொண்டே இருந்தார். ஐரோப்பிய மேடைக்கு ஒரு குழு, ஊர்க்காரர்களுக்கு ஒரு குழு. ஒரே குரல் இரண்டு வேலையையும் பார்த்தது. இதைச் சமரசம் என்று குறை சொன்னவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். என்னைக் கேட்டால், இரண்டு கூட்டத்தின் காதும் வேறு என்று அவர் புரிந்துவைத்திருந்தார், யாரையும் ஏமாற்றவில்லை.

அவர் வாழ்க்கையில் ஒரு கறையும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. இசைக்குழு என்ற பெயரில் விசா வாங்கி, குழுவில் இல்லாதவர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துவந்தார் என்ற குற்றச்சாட்டில் 2003-இல் பிரான்சில் கைதானார். மூன்று மாதத்துக்கும் மேல் சிறையில் இருந்தார். 2004-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. தண்டனை 30 மாதம், அதில் பெரும்பகுதி நிறுத்திவைக்கப்பட்டது, கூடவே அபராதம். நாட்டில் வேலையும் இல்லை, வெளியேற வழியும் இல்லை என்ற நிலையில், ஒரு நட்சத்திரத்தின் குழுவில் பெயர் சேர்ப்பதற்குப் பணம் கொடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள் என்பது அந்தக் காலத்தின் நிஜம். ஆனால் அது அவர் செய்ததை நியாயப்படுத்தாது. சிறையில் இருந்த அனுபவத்தை, கைதி எண்ணையே தலைப்பாக வைத்து, 2003-லேயே பாட்டாக்கியிருந்தார்.

2016 ஏப்ரல் 24 அதிகாலை, ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜானில் நடந்த இசைவிழாவில் பாடிக்கொண்டிருந்தார். நிகழ்ச்சி தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. சில பாட்டுகள்தான் முடிந்திருந்தன. முன்னால் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குப் பின்னால் அவர் சரிந்து விழுந்தார். ஆடியவர்களுக்குச் சில நொடிகள் அது தெரியவே இல்லை. வயது 66. உடல் கின்ஷாசாவுக்கு வந்தபோது நாடாளுமன்றக் கட்டிடத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். தெருவெங்கும் கூட்டம். வெம்பாவுக்கு மரியாதை என்றால் அழுக்கு உடையில் போக முடியாது என்று பலர் தங்களிடம் இருந்த மிக நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

2021 டிசம்பரில் யுனெஸ்கோ காங்கோ ரும்பாவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆற்றின் இரு கரை நாடுகளும் சேர்ந்து விண்ணப்பித்திருந்தன. கொஃபி ஒலொமிடேயின் குழுவில் வளர்ந்த ஃபாலி இபுபா 2023 நவம்பரில் பாரிஸின் லா டிஃபான்ஸ் அரங்கை நிறைத்தார். வெம்பா, கொஃபி, ஃபாலி என்று கோடு போட்டால் ஒரே முற்றத்தில் போய் முடியும்.

சரி, எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? முதலில் அமேசோன். இளம் வெம்பாவின் குரலும் 70-களின் கிட்டார்களும் அதில் இருக்கின்றன. அடுத்து லெ வொயாஜர் ஆல்பத்திலிருந்து மரியா வலென்சியா. குரலின் துக்கம் பிடிபட்டுவிட்டால் எமோஷனில் யோலேலே. பிறகு விவா லா மூசிக்காவின் நேரடிக் கச்சேரிப் பதிவு ஏதாவது ஒன்றைத் தேடிப்பிடித்து முழுதாகக் கேளுங்கள். பார்க்கவும் முடிந்தால் இன்னும் நல்லது. கேட்கும்போது இயர்போனில் ஒரு காதுக்கு வருகிற மி-சோலோவை மட்டும் கொஞ்ச நேரம் பின்தொடருங்கள். அது பிடிபட்டுவிட்டால் சோலோ எப்போது துணுக்கை மாற்றுகிறது என்பது தானாகக் கேட்கத் தொடங்கும். ஒரே பாட்டு 10 நிமிடத்துக்கு மேல் ஓடினால் பயப்பட வேண்டாம், அங்கே அதுதான் அளவு.